கும்மிக்குச் சுதி பிடிச்சவன்

எங்க ஊர்ல சுதிக்காரன்கிட்ட வசவு வாங்காத உசுரு ஒண்ணுகூடக் கெடையாது. மண்டபம் கடக்கரையில இருந்து வர்ற மீன் வண்டி ஹாரன் அடிச்சா, "ஏலே, அரைச் சுதி கம்மியா இருக்கு, மாத்துலே"ன்னு ரோட்டுல எறங்கி மறிப்பான். எனக்குன்னா பத்திக்கிட்டு வரும். வண்டியில சாளை மீனு வெயில்ல கெடந்து நாறுது, இவன் ஹாரனுக்குப் பாடம் எடுக்குறான்.

ஆளு மீன்பிடி போட்டுக்கு இஞ்சின் பாக்குற மெக்கானிக்குதேன். செல்லைப் பாத்து கித்தாரு படிச்சான். அதோட விட்டானா, பாட்டுக்கு இலக்கணம் வேற இருக்காம்ல, அதையும் படிச்சான். அங்கன பிடிச்சது சனி.

போன வருசம் முளைப்பாரிக் கும்மிக்கு வாசிக்கிறேன்னு கெஞ்சுனான். சரி, ஆசைப்படுறான்னு விட்டோம். நாந்தேன் பாட்டு எடுக்குறது. பாரியை நடுவுல வச்சுச் சுத்த ஆரம்பிச்சா, பாட்டு முடியாம கை நிக்கக் கூடாது. நின்னா ஆத்தாளுக்கு ஆகாது. சுத்தச் சுத்த ஒடம்பு சூடாகும், தொண்டையும் சுதியில மேல ஏறிக்கிட்டே போகும். எங்க அம்மாச்சி காலத்துலயே அப்படித்தேன்.

இவன் பாதியில கித்தார நிறுத்திப்புட்டான். "தொடங்குன எடம் ஒண்ணு, இப்ப நிக்கிற எடம் ஒண்ணு. இதுக்குப் பேரு பாட்டா?"

கொன்னுருப்பேன். ஆனா கை நிக்கக் கூடாதே. அதனால கும்மி மெட்டுலயே வஞ்சேன்: "படிச்ச மவனே, பாவி மவனே, நாங்க ஏறுனா நீயும் ஏறுலே." பொம்பளைக அம்புட்டுப் பேரும் அதையே திருப்பிப் பாடுறாளுக.

"எப்படி அப்பத்தா ஏற? இதுக்குக் கணக்கு இருக்கு."

"கணக்குத் தெரிஞ்சவன் நீதானலே, ஏற வழி பாருலே." அதுவும் மெட்டுலதேன்.

மொறச்சான். கித்தாரு கழுத்துல கம்பிய அமுக்கி மாட்டியிருந்த கிளிப்பைக் கழட்டி, சுதி ஏற ஒரு படி மேல மாட்டுனான். நாங்க ஏற ஏற, வஞ்சுக்கிட்டே அவனும் ஏறுனான். கடைசியில, "அப்பத்தா, மேல எடம் தீந்துபோச்சு, கீழ எறங்குங்க"ன்னு கத்துறான். சிரிச்சு சிரிச்சு எனக்கு வெலா எலும்பு நொந்துபோச்சு.

கித்தாருக்காரன் இலக்கணம் படிக்கணுமான்னா, படிக்கணும். படிக்கலேன்னா எங்க பின்னால ஏறி வந்திருக்க மாட்டான். படிச்ச வாயத்தேன் மூடிக்கிறணும்.

இந்த வருசம் எளவட்டங்க, "அவன் சண்டைக்காரன், வேணாம். ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுக்கிருவோம்"ங்கிறாங்கெ. வந்துச்சே கோவம். "ஏலே, நான் ஏறுனா ஒங்க ஸ்பீக்கரும் ஏறுமாலே? எனக்கு மூச்சு வாங்குனா செத்த பொறுக்குமா?"

சுதிக்காரனுக்கு ஆள் விட்டிருக்கேன். அவன் வந்து ஒக்காந்து, என்னைய ஒரு தரம் வஞ்ச பெறகுதேன் நான் பாட்டு எடுப்பேன்.