பெட்டி மூடியில் ஒரு கோடு

அன்பும் மரியாதையும் மிகுந்த பொங்னே சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் யூன்சல் குனிந்து வணங்கி எழுதுவது. தேகு நகரில் செர்ரிப் பூக்கள் பூத்து உதிர்ந்தும் போயிருக்கும். சித்தப்பாவின் இரத்த அழுத்தமும் உங்கள் மாமியாரின் பசியும் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே கோஜே தீவில் நானும் அப்பாவும் நலம். மிதவைகளில் கயிறு கயிறாகத் தொங்கும் மோங்கேக்களும் நலம். தோல் குழைந்து சாகும் அந்த நோய் இந்த வருடம் நம் விரிகுடாப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அம்மா நலமா என்பது, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

போன சனிக்கிழமை உங்கள் அறுபதாவது பிறந்தநாள் விருந்தின் நடுவில் வந்து இறங்கியதே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதன் மூடியில் ‘ஹா பொங்னே’ என்ற பெயருக்குப் பக்கத்தில் தடிமனாக ஒரு படுக்கைக்கோடு இருந்தது. அதைப் போட்டவள் நான். இதை நீங்கள் மாமியாருக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வதால், உங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்ததையும் எழுதிவிடுகிறேன். மோங்கே என்பது கடலுக்கடியில் ஒட்டிக்கொண்டு வாழும், முள் முளைத்த சிவப்புப் பந்து போன்ற ஒரு பிராணி. அதன் உச்சியில் இரண்டு துளைகள். தண்ணீரை உறிஞ்சும் வாய் விரிந்தால் கூட்டல் குறி போல இருக்கும். உள்ளே போனதை எல்லாம் வெளியே பீச்சும் துளை கழித்தல் குறி போல இருக்கும். ஆகவே மோங்கே உரிக்கும் எங்கள் கொட்டகைகளில் ஒருவரைத் திட்ட வாயைத் திறக்க வேண்டியதில்லை. காற்றில் விரலால் ஒரு கோடு இழுத்தால் போதும், அவர் எந்தத் துளை என்பது அவருக்கே புரிந்துவிடும்.

அதனால்தான் அந்த மேசையில் நடந்தது நடந்தது. உங்கள் மகன் டோகியோம் என்னிடம் போனில் முழுவதையும் சொன்னான். பதினேழு பேர் உட்கார்ந்திருக்க, உங்கள் மாமியார் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, “மருமவளே, இதென்ன கோடு?” என்று கேட்டார்களாம். நீங்கள் முகம் சிவந்து, “ஒண்ணுமில்ல அத்தே, தபால்காரங்க போட்டிருப்பாங்க” என்று சமாளித்தீர்களாம். உங்கள் அருமை மகன் இருபத்தாறு வயதாகியும் எப்போது வாயைத் திறக்கக் கூடாது என்று தெரியாதவன். “பெரியம்மா ஊர்ல கோடுன்னா குண்டி, பாட்டி” என்று மேசைக்கே கேட்கும்படி விளக்கம் கொடுத்திருக்கிறான். அவனைப் பெற்றவர் நீங்கள் என்பதையும் இந்த வழக்கில் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் நடந்தது வேறு, சித்தி. பெட்டிக்குள் இருந்தது சோற்றில் பிசைந்து சாப்பிடுவதற்காகப் பொடியாக நறுக்கி உறைய வைத்த மோங்கே. நான்கு வருடங்களுக்கு முன், அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளில், அதே சோற்றை நீங்கள் தள்ளி வைத்து, “இந்த வாடையே எனக்கு ஆகாது. சின்ன வயசுலயும் அக்காவுக்காகத்தான் மூக்கப் பிடிச்சிக்கிட்டுத் தின்னேன்” என்று சொன்னீர்கள். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசவில்லை. இத்தனை வருடம் கழித்து அம்மா தானே குளிர்ந்த தண்ணீரில் கைவிட்டு, தானே நறுக்கி, பெட்டியில் அடுக்கினாள் என்றால் அதன் பொருள் என்ன? சமாதானம்! நான் பேனாவோடு நின்றேன். “பேருக்குப் பக்கத்துல ஒரு கோடு போடு” என்றாள் அம்மா. மைனஸ் பதினெட்டு டிகிரியில் வைக்கச் சொல்லி எழுதச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டு கோட்டைப் போட்டேன். பதினெட்டைப் போடுவதற்குள் “போதும் விடு, வண்டி நிக்குது” என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். இவ்வளவுதான், சித்தி. ஒரு பதினெட்டு விட்டுப்போனதற்கு ஓர் அக்காவையே விட்டுவிடுவீர்களா?

நீங்கள் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். நாற்பத்தொரு நிமிடம். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். “இனிமே எனக்கு அக்காவே கெடையாது! அப்பா நினைவு நாளுக்கு இந்த வருஷமும் வரமாட்டேன், நீயே தனியா நின்னு கும்பிட்டுக்கோ!” என்று நீங்கள் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. அம்மா “ம்” என்றாள். அதன் பிறகு இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள். துக்கம் சிலருக்குப் பசியாக வரும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

சரி செய்கிறேன் என்று முதலில் கிளம்பியவர் அப்பா. அவர் உங்களுக்குப் போன் செய்தது நல்ல எண்ணத்தில்தான். “மச்சினி, கோவப்படாத. கூட்டல் இருந்தா கழித்தலும் இருக்கணும்ல? உங்கக்கா கூட்டல், நீ கழித்தல், ரெண்டும் சேந்தா எவ்வளவு?” என்று கேட்டாராம். “பூஜ்யம்! அப்ப நான் வந்தா எல்லாமே பூஜ்யமாயிடும்னு சொல்றீங்க, அப்படித்தானே மாமா?” என்று நீங்கள் வைத்துவிட்டீர்கள். அப்பா இப்போது மிதவையிலேயே பகல் சாப்பாடு சாப்பிடுகிறார்.

பிறகு நான் பேசினேன். எனக்குப் போனில் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். பேச்சை வேறு பக்கம் திருப்பலாம் என்று, மோங்கே குஞ்சாக இருக்கும்போது தலைப்பிரட்டை மாதிரி வாலும் கண்ணும் மூளையும் வைத்துக்கொண்டு நீந்தும், ஒரு நல்ல இடம் கிடைத்ததும் தலைகுப்புற ஒட்டிக்கொண்டு வாலையும் மூளையையும் தானே கரைத்துக்கொள்ளும் என்று சொல்லத் தொடங்கினேன். “நான் தேகுல வாக்கப்பட்டதச் சொல்றியாடி?” என்று கேட்டீர்கள். சத்தியமாக இல்லை, சித்தி. அது அம்மாவின் ஒப்பீடு, அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்தால் அசிங்கமாகத் தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஆகவே நகர நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து, கழித்தல் குறி அவமானமே அல்ல என்பதற்கு அறிவியல் ஆதாரம் திரட்டியிருக்கிறேன். வாய் என்ன செய்கிறது? வாங்குகிறது, அவ்வளவுதான். பின்வாசலோ கழிவை மட்டும் அனுப்புவதில்லை. மோங்கேயின் முட்டையும் விந்தும் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும் இருந்தும், தன்னுடையதைத் தானே ஏற்றுக்கொள்ளாது. வேறொன்றிடமிருந்து வந்தால்தான் கரு பிடிக்கும். அதாவது வம்சம் மொத்தமும் வெளியே வரும் வாசல் கழித்தல்தான். அடுத்தது இதயம். மோங்கேயின் இதயம் கொஞ்ச நேரம் இரத்தத்தை ஒரு பக்கமாகத் தள்ளும், பிறகு நின்று, அடுத்த கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கமாகத் தள்ளும். தன் மனதை இப்படி மாற்றிக்கொள்ள வெட்கப்படாத பிராணியில் எது முன், எது பின் என்று யார் சொல்ல முடியும்? முதுகெலும்பில்லாத உயிர்களிலேயே நமக்கு மிக நெருங்கிய சொந்தம் அதுதானாம். சொந்தம் என்றதும் எனக்கு உங்கள் இரண்டு பேர் நினைவுதான் வந்தது.

இருபத்து நான்காம் தேதி தாத்தாவின் நினைவு நாள். நான்கு வருடமாக அம்மா தனியாகத்தான் கும்பிடுகிறாள். குனிந்து எழும்போது பக்கத்தில் இருக்கும் காலி இடத்துக்காகவும் கொஞ்சம் ஒதுங்கியே எழுகிறாள். நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அம்மா உங்களை ஒருபோதும் அப்படி ஒரு கோட்டைப் போட்டு அழைக்க மாட்டாள், சித்தி. அவளுக்கு அந்த அளவு குறும்பு வராது. கோட்டை மன்னித்துவிட்டு வாருங்கள். பெட்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள், மாமியாருக்குக் கொடுங்கள். முதலில் கசக்கும், அதன் மேல் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் முழங்கால்கள் படியேறும்போது வலிக்காமல் இருக்கட்டும். சித்தப்பாவுக்கு என் வணக்கம். மாமியாருக்கு ஆழ்ந்த வணக்கமும் அதே ஆழத்துக்கு மன்னிப்பும். டோகியோமுக்கு ஒன்றும் இல்லை.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
ஓக் யூன்சல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அம்மா கடிதத்தை வாங்கி, நின்றபடியே கடைசி வரை படித்தாள். “யாருடி மைனஸ் பதினெட்டுன்னு சொன்னது? நான் கோடு போடுன்னேன். கோடுன்னா கோடுதான்” என்றாள். ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “நல்லதா நாலு வார்த்த எழுதி அனுப்பியிருந்தா, நன்றின்னு ஒரு பூப்படம் அனுப்பிட்டு அவ வேலையப் பாத்திருப்பா. பள்ளிக்கூடத்துல அவ நோட்டுல நான் ஒரு கோடு போட்டா, ஊரோட அந்தக் கோடியில இருந்தாலும் ஓடி வந்து என் முடியப் பிடிப்பா. நாப்பத்தொரு நிமிஷம் திட்டினாளே, கேட்டியா? குரலு அப்படியே இருக்கு” என்றாள். மேலே நான் எழுதிய எதற்கும் இனி நான் பொறுப்பில்லை. உறையின் பின்பக்கம் ஒரு கோடு இருக்கும், சித்தி. இது என் கை போட்டதில்லை.