மேல் மாடிக்குப் போன என் குரல்

அன்புள்ள மச்சான் உத்தமனுக்கு,

முகப்பேரிலிருந்து செங்கல்வராயன் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாயைத் திறந்து மாட்டிக்கொண்டது போதும் என்றுதான் போன் செய்யவில்லை.

உன் அக்கா மகள் நிவேதிதாவின் வேலை உனக்குத் தெரியும். ஒலிபெருக்கிக் குழாயைச் செய்வதற்கு முன்பே, அதற்குள் சத்தம் எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டரில் காட்டுவாள். போன ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோகாமல், நம் குளியலறை ஜன்னலுக்குப் பின்னால், காற்றுக்காகத் தரையிலிருந்து மொட்டை மாடி வரை விட்டிருக்கிற டக்டை அளந்து அதில் ஏற்றினாள். திரையில் சத்தத்தைக் காட்டும் சிவப்பு, நம் ஜன்னலில் கிளம்பி, மேல் மாடி கன்னியப்பன் வீட்டு ஜன்னலில் போய்த் தகதகவென்று நின்றது. "அப்பா, இது டக்ட் இல்லப்பா, கோயில் ஸ்பீக்கர்! நீ இங்க முணுமுணுத்தா அங்க ஹால்ல பேசற மாதிரி கேக்கும்" என்றாள். நான் அப்போதுதான் குளித்துவிட்டு வந்து நின்றேன் மச்சான். கன்னியப்பன், பாடியில் இருக்கிற கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் என்னோடு வேலை பார்த்தவன். தண்ணீர் மோட்டார் தகராறிலிருந்து, அவனைத் திட்டாமல் குளித்தால் எனக்குக் குளித்த மாதிரியே இருப்பதில்லை. அவனும் ஒரு மாதமாக என்னைக் கண்டால் வாயைத் திறப்பதில்லை. காரணம் இதுதானா!

ஈரத் துண்டோடு மேலே ஓடினேன். மோட்டார் திருடன் என்றது, குரங்கு மூஞ்சி என்றது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டான். "இன்னாடா சொல்ற? எனக்கு ஒண்ணுமே கேக்கலியேடா! புது பல்செட்டு, பேசினா கயண்டு வுயுது, அதான் வாயத் தொறக்கல" என்றவன், பல்செட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "குரங்கு மூஞ்சியா?" என்று கேட்டான் பார், அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதுவரை பல்லால் பேசாதவன், இப்போது என்னால் பேசுவதில்லை.

கீழே வந்து நிவேதிதாவிடம் கத்தினேன். "மொட்ட மாடில டக்ட மூடி வெச்சிருக்காங்க, அத நான் கம்ப்யூட்டர்ல போடவேயில்லப்பா, சாரி" என்கிறாள்! இனி கம்ப்யூட்டரை நம்பாதே. நம் டக்டில் ஒரு சத்தமும் எங்கும் போகாது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
செங்கல்வராயன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது கீழ் வீட்டு குல்ஷன் வந்து கதவைத் தட்டினாள். "மூணு நாளா பாத்ரூம்ல உங்க சத்தமே காணோமேண்ணே, உடம்புக்கு இன்னா? எங்க வூட்ல எல்லாரும் கவலப்பட்டுகினு கீறோம்."