முன்னுக்கு ஒரு கியர், பின்னுக்கு நாலு

ஒரு காரின் எஞ்சினைக் கழற்ற அறிவு தேவையில்லை. பழைய பனியன் ஒன்று இருந்தால் போதும். அந்த இடத்தில் வேறெதையாவது வைக்கும்போதுதான் அறிவு தேவைப்படுகிறது. நான் கவிதை எழுதுகிறவன் என்பது எங்கள் சொந்தபந்தம் முழுவதற்கும் அந்தக் கட்டத்தில்தான் சந்தேகமறத் தெரிந்தது.

கார் என்னுடையதும் அல்ல. என் மனைவி பூங்கொடியின் அப்பாவுடையது. நாமக்கல்லில் லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக லாரி வாங்கி, கடைசியில் ஆசைக்கென்று வாங்கிய சின்னச் சிவப்புப் பெட்ரோல் கார். அவர் காலமான பிறகு எங்கள் எருமைக் கொட்டகை ஓரத்தில் நின்றது. லாரிக்காரர் அல்லவா, எந்த விசேஷத்துக்குப் போனாலும் வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும் அவருக்கு. பின்பக்கமாக விட்டுத்தான் நிறுத்துவார். சிறுமியாக இருந்த பூங்கொடி இறங்கி நின்று, லாரி கிளீனர் மாதிரி வண்டியைத் தட்டித் தட்டி, "வரலாம், வரலாம்" என்று கத்துவாளாம். கல்யாணமான புதிதில் அவள் இதைச் சொன்னபோது நான் அழகான கற்பனை என்று பாராட்டினேன்.

எனக்கு ஒரு கனவு இருந்தது. மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஓசையே இல்லாமல் ஒரு கார் போக வேண்டும். தோகையும் தோகையும் உரசுவது உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்க வேண்டும். வரப்பில் நிற்கிற கொக்கு திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. இதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போனாலே போதுமே என்று யாரும் சொல்லவில்லை. (சொன்னார்கள். பூங்கொடி சொன்னாள்.) நானோ பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்சார மோட்டார் வைப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். கைப்பேசியில் காணொளிகள் பார்த்திருந்தேன். எல்லாவற்றிலும் கடைசியில் கார் ஓடியது.

பூங்கொடி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இது எங்கப்பா வண்டிங்க. கார்த்தி கல்யாணத்துக்கு நான் இதுலதான் போய் எறங்கோணும். அதுக்குள்ள ஓட்டிருவீங்கன்னா கை வெய்யுங்க. இல்லீன்னா சும்மா கெடக்கட்டும்."

கார்த்தி அவள் தம்பி. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் வந்து இணைச்சீர் செய்தாக வேண்டும். அவள் கூடையோடு தம்பிக்குப் பக்கத்தில் நிற்காமல் தாலிகட்டுக்குப் போக முடியாது. அவர்களுக்கு அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. எனவே அந்தக் கூடைக்குக் கூடுதல் கனம்.

கை வைத்தேன். சேலத்துப் பழைய சாமான் கடையில், விபத்தில் நொறுங்கிய பேட்டரி ஆட்டோவின் மோட்டாரையும் பேட்டரிகளையும் வாங்கினேன். லேத்துப் பட்டறையில் ஒரு தகடு கடைந்து, மோட்டாரைக் காரின் பழைய கியர்பாக்ஸோடு இணைத்தேன். மோட்டாரோடு வந்த பெட்டியில் முன்னே, பின்னே என்று ஒரு சுவிட்ச் இருந்தது. கியர்பாக்ஸ்தான் இருக்கிறதே, இது எதற்கு? கவிதையில் உபரிச் சொல்லை நீக்குகிற கையால் அதை வெட்டி எறிந்தேன். தண்ணீர் இறங்கக் கூடாதென்று எல்லா இணைப்புகள் மேலும் பசையை ஊற்றிக் கல்லாக இறுகவிட்டேன். ஹாரனுக்கு மின்சாரம் கொடுக்க மறந்துவிட்டேன். (மறக்கவில்லை. மௌனமாகப் போகிற காருக்கு ஹாரன் முரண் என்று ஒரு தத்துவம் வைத்திருந்தேன். அனுமதி, சான்றிதழ் பற்றியெல்லாம் கேட்காதீர்கள். அவற்றுக்கும் தத்துவம் இருந்தது.)

ஒரு மாலை முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வைத்து மோட்டாரை ஓடவிட்டேன். சுற்றின. சத்தமே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சக்கரம் சுற்றுகிற அழகில் சொக்கிப் போனவன், எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

தரையில் இறக்கி ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் லாரிக்காரர் வீட்டுப் பெண்ணை வைத்துக்கொண்டு பூஜை போடாத வண்டியை உருட்ட முடியுமா? அவள் குறித்த நல்ல நேரம், கல்யாணத்தன்று விடியற்காலை. மண்டபத்திலிருந்து கார் அனுப்பட்டுமா என்று கார்த்தி கேட்டபோது, "உங்க அக்கா எப்படி வந்து எறங்கறான்னு மட்டும் பாரு" என்று சொல்லிவிட்டேன்.

பூஜைக்கு வந்த ஒரே விருந்தாளி பக்கத்துத் தோட்டத்து ரங்கண்ணன். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார். "ஓசையற்ற பயணம்" என்று நான் எழுதி வைத்திருந்த வசன கவிதையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன்.

"கவிதைய வந்து படிச்சுக்கலாமுங்க. நேரமாவுது," என்றாள் பூங்கொடி, பட்டுச் சேலையும் மடியில் கூடையுமாகக் காருக்குள்ளிருந்து.

முதல் கியர் போட்டு மிதித்தேன். கார் கண்ணியமாகப் பின்னால் போய்த் தட்டுப்போரில் புகுந்து நின்றது. கூரை மேல் சோளத்தட்டு சரிந்தது. எருமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் கிடைத்த தீனியைத் தின்ன ஆரம்பித்தது.

ரங்கண்ணன் குனிந்து பார்த்தார். "பழம் நசுங்கிருச்சுங்க. சாமிக்கு முன்னால என்ன, பின்னால என்ன."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. திருப்ப வேண்டிய சுவிட்ச் குப்பையில். மாற்ற வேண்டிய வயர்கள் பசைக்குள். ரிவர்ஸ் கியரைப் போட்டேன். கார் முன்னால் வந்தது.

"எலக்ட்ரிக் கார்ல கியர் இப்படித்தான்," என்றேன், பிறந்ததிலிருந்து எலக்ட்ரிக் கார் ஓட்டுகிறவன் மாதிரி. பூங்கொடி கூடையில் விழுந்திருந்த சோளத்தட்டை எடுத்து வெளியே எறிந்தாள்.

மண்டபம் ஏழெட்டுக் கிலோமீட்டர், கோழிப்பண்ணைகள் வழியாகப் போகிற உள்ரோடு. ரிவர்ஸ் கியரில் எந்தக் காரும் வேகம் எடுக்காது என்பதை அன்று விரிவாகத் தெரிந்துகொண்டேன். சைக்கிளில் வந்த பால்காரர் மணியடித்து எங்களை முந்தினார். தோகை உரசுவது கேட்டது. கொக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. என் கனவு அணுவளவும் பிசகாமல் பலித்திருந்தது. அதற்குள் மேச்சேரி ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை நிறைத்தது. ஹாரன் இல்லை, எஞ்சின் சத்தமும் இல்லை. ஒரு செம்மறிகூட ஒதுங்கவில்லை. மந்தையின் கடைசி ஆடாக நாங்கள் பின்தொடர்ந்தோம்.

ஆட்டுக்காரர் நின்று விசாரித்தார். "வண்டி கெட்டுப் போச்சுங்களா? தள்ளோணுமுங்களா?"

"இல்லீங்க. புது வண்டிங்க."

அவர் காரைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டு, நடையைக் கட்டினார்.

கார்த்தி கைப்பேசியில் அழைத்தான். "அக்கா, எங்க இருக்கறீங்க? அருமைக்காரரு வந்து உக்காந்துட்டாருங்க." அருமைக்காரர் என்றால் எங்கள் கல்யாணங்களில் சீர்களை நடத்திவைக்கும் பெரியவர், கோபித்துக்கொள்ளப் பிறந்தவர்.

"ஆட்டுக்குப் பின்னால வந்துட்டு இருக்கறோம் சாமி," என்றாள் பூங்கொடி. கைப்பேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அடுத்த கியரப் போடுங்க."

"இல்லயே."

"இல்லீன்னா?"

"முன்னுக்கு ஒண்ணுதான்."

அவள் கியர்த்தண்டைப் பார்த்தாள். மண்டபம் வரை இனி ஓசையற்ற பயணம்தான் என்று நினைத்தேன்.

"அப்ப பின்னால போறதுக்கு நாலு இருக்குதுங்களா?"

"இருக்கு. ஆனா..."

"திருப்புங்க வண்டிய."

ஒரு பண்ணை வாசலில் திருப்பினேன். இப்போது கார் எங்கள் வீட்டைப் பார்த்து நின்றது. டிக்கி மண்டபத்தைப் பார்த்தது. பூங்கொடி பின்சீட்டுக்கு மாறி, கொண்டைப் பூ கலையாமல் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, கதவை ஓங்கித் தட்டினாள்.

"வரலாம், வரலாம்!"

மின்சாரத்தின் பெருமைக்கு வழிவிடாத மந்தை, அந்தத் தட்டலுக்கு இரண்டாகப் பிளந்தது. இரண்டாவது கியர். மூன்றாவது. வேகமாகப் பின்னால் ஓடுகிற கார் பாம்பு மாதிரி நெளியும். கழுத்தைத் திருகிக்கொண்டு நான் ஓட்ட, "எடது ஒடிங்க... நேரா... வேப்பமரமிருக்குது, பாத்து... வரலாம், வரலாம்" என்று அவள் நடத்திப் போனாள். பத்தாண்டு தாம்பத்தியத்தில் நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லை. முன்பு எங்களை முந்திய பால்காரர், நாங்கள் முகத்துக்கு முகம் பார்த்தபடி அவரைக் கடந்து போனபோது, சைக்கிளிலிருந்து இறங்கி நின்றுவிட்டார்.

மண்டப வாசலில் நின்றவர்கள் கண்டது வேறு. மாமனாரின் சிவப்புக் கார். அதன் முகம் அந்தப் பக்கம். ஓட்டுகிற மருமகனின் மார்பும் அந்தப் பக்கம். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு கிளம்புவது எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு சீர். பூங்கொடியின் பெரியப்பா பதறிப்போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரோட்டில் ஓடிவந்தார்.

"மாப்ள, போவாதீங்க! என்ன கொறை வெச்சோம், சொல்லுங்க மாப்ள!"

போகிறோம் என்று அவர் நினைத்த கார் பெரிதாகிக்கொண்டே வந்தது. கும்பிட்ட கையை இறக்காமல் ஒரு கணம் நின்றார். பிறகு திரும்பி, வந்ததைவிட வேகமாக மண்டபத்துக்கு ஓடினார்.

எஞ்சினைக் கழற்றினால் பிரேக்குக்கு அது தந்த உதவியும் போய் மிதி இறுகிவிடும் என்பது இன்னொரு புதிய தகவல். இரண்டு காலாலும் மிதித்தேன். கார் வாசல் வாழைமரத்தில் சாய்ந்து நின்றது. மரம் குலையோடு கூரை மேல் படுத்தது. மேளக்காரர்கள் இது மாப்பிள்ளை வீட்டு முறை போலிருக்கிறது என்று கெட்டிமேளம் வாசித்தார்கள்.

பூங்கொடி இறங்கினாள். கொசுவத்தை உதறினாள், கூடையை எடுத்தாள், யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். இணைச்சீர் நேரத்துக்கு நடந்தது. அருமைக்காரர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். குரல் ரோட்டிலேயே முடிந்திருந்தது.

நான் காரின் கூரையிலிருந்து வாழைக்குலையை இறக்கிக்கொண்டிருந்தேன். பெரியப்பா மூச்சு வாங்க வந்து நின்றார். காரின் மூக்கு ரோட்டைப் பார்த்திருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்தம்பி இப்படித்தான் மாப்ள நிறுத்துவான். எந்த விசேஷத்துக்கு வந்தாலும்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆனா அவன் மண்டபத்துக்கு வந்து திருப்புவான். ஊட்டுல இருந்தே திருப்பிட்டு வரமாட்டான்."

அப்புறம் உளியால் பசையைப் பெயர்த்து வயர்களை மாற்றினேன். ஹாரனும் அடிக்கிறது. கார் இப்போது முன்னுக்கு நாலு கியரில் போகிறது. யாரும் அதைப் பேசுவதில்லை. கவியரங்கத்தில் நான் கவிதை வாசிக்க எழுந்து, கடைசி வரி எங்கே முடிகிறது என்று தெரியாமல் திணறும்போது, பின்வரிசையில் நாற்காலியைத் தட்டுகிற சத்தம் கேட்கும். முதலில் பூங்கொடி, பிறகு கார்த்தி, இப்போது கார்த்தியின் மகளும்.

"வரலாம் மாமா, வரலாம்."

வந்து உட்கார்ந்துவிடுகிறேன்.