கீழப்பந்தல் தெருக் கால்வாய்

"எங்கபா இருக்குது அது? கொஞ்சம் வந்து காட்டு."

அங்கம்மாள் எம்.எல்.ஏ. அலுவலகத்து மேசைமேல் ஒரு தாளை விரித்துப் போட்டு, நடுவில் விரலை ஊன்றினாள். அவளுக்குப் பின்னால் கீழப்பந்தல் தெருப் பெண்கள் நாலைந்து பேர், புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகியபடியே நின்றார்கள். அவர்கள் தெருவைத் தாண்டி வெளியே வருவதற்கு அப்படித்தான் வரவேண்டியிருந்தது.

உதவியாளர் கலியாணசுந்தரம் வாயருகே கொண்டுபோன டீயைக் கீழே வைத்தார். அந்தத் தாளை அவருக்கு நன்றாகத் தெரியும். 'உங்கள் வேலாயுதம் பேசுகிறேன்' என்று தலைப்பு. தொகுதியில் என்னென்ன வேலை நடந்தது, சட்டமன்றத்தில் என்ன கேள்வி கேட்டார், அரசு புதிதாக என்ன திட்டம் கொண்டுவந்தது என்பதையெல்லாம் எம்.எல்.ஏ. வேலாயுதம் மாதாமாதம் மக்களுக்குச் சொல்லும் நாலு பக்க மடல். வீடு வீடாகப் போகும். வாட்ஸ்அப்பிலும் போகும். பேசுவதுதான் வேலாயுதம். எழுதுவது கலியாணசுந்தரம்.

விரல் இருந்த இடத்தைப் படித்தார். 'கீழப்பந்தல் தெரு மக்களின் நீண்டநாள் கோரிக்கையான மூடிய கழிவுநீர்க் கால்வாய் கட்டி முடிக்கப்பட்டுவிட்டது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.'

அவர் எழுதிக் கொடுத்தது மேலப்பந்தல் தெரு. கால்வாய் கட்டியதும் அங்கேதான்.

"காலையில கதவத் தொறந்தா சாக்கடைத் தண்ணி வாசல்ல நிக்குது," என்றாள் அங்கம்மாள். "தறிக்குப் பாவு நூல தெருவுல நீட்ட முடியல. அடுத்த தெருவுல போய் நீட்டினா, வண்டி எடுக்கணும், நவுருன்னு சத்தம் போடறாங்க. பட்டு நூலத் தூக்கிக்கினு தெருத் தெருவா அலையறோம். எங்களுக்குத் தெரியாம எங்கபா கட்டினீங்க, மொட்டை மாடியிலயா?"

"எழுத்துப் பிழைம்மா. ரெண்டே ரெண்டு எழுத்து..."

"கட்டி முடிச்சாச்சுன்னு அச்சுல போட்டுட்டீங்க. இனிமே நாங்க மனு குடுத்தா, அதான் கட்டியாச்சேன்னு தூக்கிப் போட மாட்டாங்களா?"

கலியாணசுந்தரம் தாளை மடித்து வாங்கி வைத்துக்கொண்டார். நாளைக்குள் சரிசெய்துவிடுவதாகச் சொல்லி அவர்களை அனுப்பிவைத்தார். அவருடைய பயம் வேறு. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், 'மக்கள் குறை கேட்டார்' என்பதை 'மக்கள் குரை கேட்டார்' என்று எழுதிக் கொடுத்து அன்று மாலையே வேலை இழந்தவர். இப்போது ஒரு பட்டுப் புடவைக் கடை வாசலில் நின்று, "வாங்கம்மா, உள்ள வாங்கம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

மடலைத் தட்டச்சு செய்வது தீபிகா. பேருந்து நிலையம் பக்கத்தில் சின்னதாக டி.டி.பி. கடை வைத்திருந்தாள். கலியாணசுந்தரம் போய் நின்றதும் காதிலிருந்த ஒயரைக் கழற்றினாள்.

"ஐயோ சார்! மேலன்னுதான் அடிச்சேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கண்ணு அசந்துட்டுது சார். ஆனா நீங்க ப்ரூஃப் பாத்துட்டு ஓகேன்னு சொன்னீங்களே?"

அது உண்மைதான். ப்ரூஃபில் அவர் பார்த்தது, முதல் பக்கப் படத்தில் வேலாயுதம் சிரித்த மாதிரி இருக்கிறாரா என்பதை மட்டும்.

"இப்ப இன்னாம்மா பண்றது?"

"ஒரு திருத்தம் போட்டுடலாம் சார். ரெண்டு நிமிஷ வேலை."

சொன்னபடியே அடித்தும் கொடுத்தாள். 'மடலில் கீழப்பந்தல் தெரு என்று வந்துள்ள இடங்களில் எல்லாம் மேலப்பந்தல் தெரு என்று திருத்திப் படிக்கவும்.' கலியாணசுந்தரம் அதைத் தொகுதியின் எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டு, நிம்மதியாக ஒரு தோசை சாப்பிடப் போனார்.

தோசை வருவதற்குள் தொலைபேசி வந்தது. வட்டச் செயலாளர் கதிர்வேல். மேலப்பந்தல் தெருவில் சொந்த வீடு, வீட்டை ஒட்டித் தெருவில் கார் ஷெட்.

"யோவ், மூணாம் பக்கத்தப் படிச்சியா நீ?"

கலியாணசுந்தரம் கைப்பேசியிலேயே மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். 'கீழப்பந்தல் தெருவில் உள்ள ஆக்கிரமிப்புகள் பாரபட்சமின்றி இடித்து அகற்றப்படும்' என்று அங்கே இருந்தது.

"திருத்திப் படிச்சா எங்க தெருவ இடிக்கறாங்கன்னு வருதுய்யா! ஊட்டுல அழுதுக்கினு இருக்காங்க. எதிர் வீட்டுக்காரன் ஷெட்ட எப்ப இடிக்கறாங்கன்னு கேட்டு எனக்கே ஃபோன் பண்றான். தேர்தல் வேலை நீயே தனியா பாத்துக்க."

தோசையை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு செய்தி போட்டார் கலியாணசுந்தரம். 'முந்தைய திருத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம். மடலில் உள்ளது உள்ளபடியே சரி.' அனுப்பி முடித்த பிறகுதான், கீழப்பந்தல் தெருவில் கால்வாய் இருக்கிறது என்று இரண்டாவது முறையாக அரசியல் பொறுப்போடு அறிவித்திருப்பது அவருக்கு உறைத்தது.

அன்று மாலை எம்.எல்.ஏ. வேலாயுதம் சட்டமன்றக் கூட்டம் முடிந்து சென்னையிலிருந்து வந்து இறங்கினார். முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"சுந்தரம், நம்ம மடல அமைச்சர் கையிலயே குடுத்துட்டேன்யா. கீழப்பந்தல் தெருக் கால்வாய்னு சத்தமா படிச்சாரு. நெசவாளர் தெருவுல இப்படி ஒரு வேலையான்னு தட்டிக் குடுத்தாரு. அடுத்த வெள்ளிக்கிழமை காமாட்சியம்மன் கோயிலுக்கு வராரு. அப்படியே கால்வாயப் பாக்கணுமாம்."

"கீழ... கீழப்பந்தல் தெருவுலயா அண்ணே?"

"பின்ன மேலப்பந்தல் தெருவுலயா? அதான் மடல்ல போட்டிருக்குதே."

வேலாயுதம் அந்த இரண்டு தெருக்களிலும் ஓட்டுக் கேட்கப் போனபோது மட்டும் நடந்தவர். எது மேல, எது கீழ என்பது அவர் மனத்தில் தங்கியதே இல்லை. இப்போது அதை விளக்கப் போனால், புடவைக் கடை வாசலில் இரண்டாவது ஆளாக நிற்க வேண்டியிருக்கும். கலியாணசுந்தரம், "ஜமாய்ச்சிடலாம் அண்ணே" என்றார்.

இரவெல்லாம் புரண்டு படுத்ததில் ஒரு யோசனை வந்தது. கால்வாயை நகர்த்த முடியாது. பெயர்ப் பலகையை நகர்த்தலாம். மறுநாளே ஓர் ஆளைப் பிடித்து, இரண்டு தெருப் பலகைகளையும் கழற்றி மாற்றி மாட்டச் சொன்னார். ஒரு வாரம் இருந்தால் எல்லோருக்கும் பழகிவிடும்; வெள்ளிக்கிழமை அமைச்சர் போனதும் திரும்ப மாற்றிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கம்மாள் வந்தாள். இந்த முறை தாள் எதுவும் கொண்டுவரவில்லை. புருஷனையும் கொழுந்தன்மார் இருவரையும் கூட்டிவந்திருந்தாள்.

"எங்க பொண்ணு சங்கீதாவ பொண்ணு பாக்க ஏனாத்தூர்லருந்து வரதா இருந்தாங்க. கேசரி கிளறி வெச்சிக்கினு வாசலப் பாத்துக்கினே இருக்கறோம், ஆளக் காணோம். அப்பறம் விசாரிச்சா, பலகையப் பாத்துட்டு மேலத்தெருவுல அதே நம்பர் வீட்டுக்குள்ள பூந்துட்டாங்க!"

"அங்க சொல்லி அனுப்பியிருப்பாங்களேம்மா?"

"எங்க சொன்னாங்க? வந்தவங்கள யாரோ புடவை எடுக்க வந்தவங்கன்னு நெனச்சி உக்கார வெச்சி, காபி குடுத்திருக்காங்க. காபி குடுத்த பொண்ண மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடிச்சிப் போச்சாம். பூவே வெச்சிட்டாங்க!"

"அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலயா?"

"அவ அம்மா வூட்டுக்கு வந்தவபா! கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகுது. அவ புருஷன் உள்ள தூங்கிக்கினு இருந்தவன் எழுந்து வந்து மாப்பிள்ளை சட்டையப் புடிச்சிட்டான்."

கொழுந்தன்மார் இருவரும் ஓரடி முன்னால் வந்தார்கள். கலியாணசுந்தரம் தானே ஏணி தூக்கிக்கொண்டு போய்ப் பலகைகளைப் பழையபடி மாட்டினார். பிறகு ஏனாத்தூர் வரை போய், மாப்பிள்ளை வீட்டாரிடம் கையெடுத்துக் கும்பிட்டு நடந்ததைச் சொன்னார். மாப்பிள்ளையின் சட்டையில் பொத்தான் இல்லாததைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

திங்கட்கிழமை வேறு வழியே இல்லாமல், கால்வாய்ப் பணிகளைப் பார்க்கும் பொறியாளர் பரமசிவத்திடம் போய் உட்கார்ந்தார்.

"சார், வெள்ளிக்கிழமை அமைச்சர் கீழப்பந்தல் தெருக் கால்வாயப் பாக்க வராரு."

"அங்க ஏதுப்பா கால்வாய்?" என்று சிரித்த பரமசிவம், திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். "இரு, இரு. உங்க மடல்ல கட்டியாச்சுன்னு போட்டிருந்தீங்களே?"

"அது எழுத்துப் பிழை சார்."

"என்னது?" பரமசிவம் எழுந்தே விட்டார். "எம்.எல்.ஏ.வே சொல்லிட்டாரேன்னு, அந்தத் தெரு மனுவுக்கெல்லாம் பணி முடிந்ததுன்னு எழுதி மேல அனுப்பிட்டேன்யா! பாராட்டுக் கடிதம்கூட வந்துட்டுது!"

கலியாணசுந்தரம் நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துக்கொண்டார்.

"சார், ஒருவேளை நெசமாவே கட்டிட்டா?"

"கட்டலாம். அனுமதியெல்லாம் போன வருஷமே வந்து கிடக்குது."

"அப்பறம் ஏன் சார் கட்டல? அத்தனை மனு வந்துதே?"

"மனுதான் வந்துது. அமைச்சர் வரலயே."

மத்தியானமே கீழப்பந்தல் தெருவுக்குள் பொக்லைன் வந்துவிட்டது. பின்னாலேயே லாரி லாரியாக வார்த்த கான்கிரீட் பெட்டிகள் வந்து இறங்கின. பரமசிவம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கலியாணசுந்தரம் வேலையாட்களுக்கு டீ வாங்கிவந்தார், மூடி தூக்கினார், ஒருமுறை வழுக்கிச் சாக்கடையிலேயே விழுந்தார். அங்கம்மாள்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, தன் வீட்டுக் குழாயடியில் நிற்கவைத்துத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போது, "இதத்தான் நாங்க தினமும் பாக்கறோம் தம்பி" என்றாள். திட்டவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கடைசி மூடியும் பொருந்திவிட்டது. தெரு கழுவிக் கோலம் போட்டிருந்தது. அமைச்சரின் கார் மெதுவாக நுழைந்தது, நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கினார்.

"கட்டி முடிச்சு ரெண்டு மாசம் ஆச்சுன்னு சொன்னீங்க. புத்தம் புதுசா இருக்குதே?"

கலியாணசுந்தரம் மெல்லப் பின்னால் நகர்ந்தார். வேலாயுதம் சளைக்கவில்லை.

"எங்க ஜனங்க அவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்க அண்ணே."

"பலே," என்றார் அமைச்சர். கண்ணாடி ஏறியது. கார் கோயிலுக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் ஒரு காலையில் கலியாணசுந்தரம் அந்தப் பக்கமாகப் போனார். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அரக்கு நிறப் பாவு நீட்டி, அங்கம்மாளும் மற்றவர்களும் இருபுறமும் குனிந்து இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய புடவையும் கணுக்காலைத் தொட்டது. அவரைப் பார்த்ததும் அங்கம்மாள், ஏனாத்தூர்க்காரர்கள் இந்த முறை சரியான வீட்டுக்கு வந்து பூ வைத்துவிட்டுப் போன சேதியைச் சொன்னாள். வேலாயுதமும், "உன் மடல்ல ஒரு வார்த்தை பொய் இல்ல சுந்தரம்" என்று முதுகில் தட்டியிருந்தார்.

ஆனாலும் இன்னொரு முறை இந்தப் பாடு அவருக்கு ஆகாது. அடுத்த மடலை எடுத்துக்கொண்டு தீபிகா கடைக்குப் போனவர், இந்த முறை நாற்காலியை இழுத்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எழுத்தெழுத்தா பாக்கப் போறேன்மா. இந்தத் தடவை ஒரு புள்ளி மாறக் கூடாது."

"நீங்களே பாருங்க சார். எனக்கும் அதான் நல்லது," என்றாள் தீபிகா பணிவாக.

கலியாணசுந்தரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெரிய கணினித் திரைக்குப் பின்னால் தலை தெரியாமல் குனிந்து படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம் சுத்தமாக இருந்தது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பும்போது, வாசலில் ஓர் அம்மாள் காய்கறிப் பையோடு வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா தீபிகா, இந்த மாசம் தப்பு விழற முறை எங்க தெருவுக்குத்தானே?"