கணக்கில் முப்பத்தொன்று

பீரோவில் இருந்த துணிமணி எல்லாம் கட்டிலுக்கு வந்துவிட்டது. அவளுடைய பத்தாவது வகுப்பு மதிப்பெண் பட்டியல் மட்டும் வரவில்லை. எப்படி வரும்? கணக்கில் முப்பத்தொன்று வாங்கித் தோற்ற அந்தத் தாளை, கல்யாணத்துக்கு முந்தின வாரமே அவள் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டாள்.

பாஸ் என்று சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. பத்தொன்பது வருஷமாக அந்தப் பொய்யும் அவர்களோடு குடித்தனம் செய்துவந்தது.

ஆஸ்பத்திரியில் தரை துடைத்துத் துடைத்து அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. சமுதாயக் கல்லூரியில் நோயாளிப் பராமரிப்பு படித்தால் குனியாத வேலை கிடைக்கும் என்று தலைமை நர்ஸ் சொன்னாள். அவளும் விண்ணப்பித்தாள். ‘கல்விச் சான்றிதழுடன் வரவும்’ என்று வந்த கடிதம் கணவர் கையில் சிக்கியதுதான் வினை.

லிஃப்ட் மெக்கானிக்கான அவர், ஓவர்டைம் என்று ஒரு மாசமாக லேட்டாக வரும் களைப்போடு தேட ஆரம்பித்தார்.

“விடுங்க, நான் பாத்துக்கறேன்.”

“அந்த முட்டியை வெச்சுக்கிட்டு நீ குனியாதே. உக்காரு.”

அந்த அன்புதான் அவளைக் கொன்றது.

“எங்க அம்மா வீட்ல இருக்கும்னு நினைக்கறேன்,” என்றாள்.

அவர் உடனே அவள் தம்பிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். விஷயம் தெரிந்த தம்பி, அக்காவைக் காப்பாற்றக் களத்தில் குதித்தான்.

“அது வெள்ளத்துல போயிடுச்சு மாமா! அக்கா பள்ளிக்கூடத்துலயே ரெண்டாவது மார்க், தெரியுமா?”

கணவர் போனை வைத்துவிட்டுச் சுவரையே பார்த்தார்.

“ரெண்டாவது மார்க்கா?” குரல் கம்மியிருந்தது. பெருமையில் தொண்டை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பேச்சு சுவர் தாண்டிப் போய்விட்டது. அரைமணியில் பக்கத்து வீட்டுக்காரி தன் மகளைக் கணக்குப் புத்தகத்தோடு கொண்டுவந்து விட்டாள். “கொஞ்சம் சொல்லிக் குடுங்க, பரீட்சை வருது.” அவள் புத்தகத்தைத் திறந்தாள். எக்ஸும் ஒய்யும் பழைய பகையோடு அவளை முறைத்தன. தலைவலி என்று சொல்லி மூடினாள்.

“நாளைக்கு லீவு போட்டு உன் பள்ளிக்கூடத்துக்கே போறேன்,” என்றார் கணவர். “அங்க பதிவு இருக்கும்ல?”

இருக்கும். அதுதான் பயம்.

காலையில், “காலேஜ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன், அதுவரைக்கும் கிளம்பாதீங்க,” என்று கெஞ்சிவிட்டு மழையில் நனைந்துகொண்டே நொண்டி நொண்டி ஓடினாள். படிப்பும் வேண்டாம், வேலையும் வேண்டாம். முழங்கால் போனால் போகட்டும், மானம் மிஞ்சினால் சரி.

“என் விண்ணப்பத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க சார்.”

“ஏம்மா?” என்றார் குமாஸ்தா.

எத்தனையோ வருஷமாக யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் சொன்னாள். “நான் பத்தாவது பெயில் சார். கணக்குல. வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா என் முகத்துலயே முழிக்க மாட்டார்.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

குமாஸ்தா அவளுடைய விண்ணப்பத்தை எடுத்து, கணவர் பெயரையும் முகவரியையும் இரண்டு தடவை படித்தார்.

“அழாதீங்கம்மா, இங்க பெயிலானவங்களும் சேரலாம், கணக்குக்குன்னு தனியா சாயங்கால வகுப்பே இருக்கு. ஒரு மாசமா உங்க வீட்டுக்காரர் அதுலதான் முதல் பெஞ்ச்ல உக்காந்திருக்கார்.”