கரவொலிப்பேட்டை

சொற்கோட்டம் என்ற நாட்டில் மன்னர் எந்த ஆணையைப் படித்தாலும், கூட்டம் கைதட்டினால்தான் அது செல்லும். மன்னர் வாசாலவர்மரோ நாளுக்கு மூன்று ஆணைகள் படித்தார். குடிமக்கள் அலுத்துப்போய் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

மலைக்கு அப்பாலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களை அரசு பிடித்து, கூலி பேசி மைதானத்தில் உட்காரவைத்தது. அவர்களுக்கு அந்நாட்டு மொழி தெரியாது; ஆகவே மனமாரக் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவனான மேஸ்திரி தும்பன் சிவப்புத் துண்டைத் தூக்கினால் மைதானம் அதிரும். சில ஆண்டுகளில் பக்கத்திலேயே கரவொலிப்பேட்டை எழுந்தது. ஓட்டு வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், உள்ளங்கைக்கு எண்ணெய் விற்க மட்டும் நான்கு கடைகள்.

பள்ளிக்கூடம்தான் வினையானது. மொழியைக் கற்ற பிள்ளைகள் ஆணைகளின் பொருளைப் பெற்றோருக்குச் சொல்லிவிட்டார்கள். கைதட்டல் தளர்ந்தது. அறிவிப்பு அமைச்சர் இதங்கண்ணர் பள்ளியை மூடினார். கூட்டத்துக்கு வருவோர் காதில் பஞ்சு அடைக்க வேண்டும் என்றும் ஆணை பிறந்தது.

அடுத்த வாரம் மன்னரின் சித்தப்பாவுக்கு இரங்கல் கூட்டம். பேட்டைக்காரர்களைப் பெயர் சொல்லி அழைத்த ஒரே அரண்மனைவாசி அவர். தும்பனுக்கு அழுகை வந்துவிட்டது. துண்டைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தான். மைதானம் அதிர்ந்தது.

"அந்நியரின் நன்றிகெட்ட தன்மை ஐயந்திரிபற நிரூபணமாகிவிட்டது" என்றார் அமைச்சர். பேட்டையை இடித்து அவர்களை வெளியேற்றும் ஆணை சந்தைதோறும் ஒட்டப்பட்டது. அதற்கும் கைதட்டல் வேண்டும். வழக்கம்போல் பேட்டைக்காரர்களையே அழைத்தார்கள்.

மைதானத்தில் தும்பன் துண்டை எடுத்தபோது, அந்தப் பள்ளியில் படித்த மகள் நீலி அவன் காதுப் பஞ்சைப் பிடுங்கினாள்.

"எதுக்குத் தட்டப்போறன்னு தெரியுமாப்பா?"

"நமக்கெதுக்கும்மா அது? தட்டுறதுதான நம்ம வேல."

"நம்ம வீட்ட இடிக்கத்தான். நாம தட்டலேன்னா ஆணை செல்லாது. பேசாம உக்காரு."

தும்பன் துண்டை மடித்து அதன்மேலேயே உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவர் காதுப் பஞ்சை ஒவ்வொருவராகப் பிடுங்க, சேதி கடைசி வரிசைவரை போனது.

மன்னர் படித்து முடித்து நிமிர்ந்தார். அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இதங்கண்ணருக்கு வியர்த்தது. நீலி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போது வேலிக்குப் பின்னால் கைதட்டல் கிளம்பியது. இருபது ஆண்டுகளாகக் கூட்டத்துப் பக்கமே வராத குடிமக்கள், அன்று பிள்ளைகுட்டிகளோடு வந்து நின்றிருந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை, கூலியும் பேசவில்லை.

மன்னர் போதும் என்று கையமர்த்தினார். அவர்கள் நிறுத்தவில்லை.