மாலுமியும் மாமியின் குடையும்

ஆலோசகர் ஒருவரை எப்போது அமர்த்த வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு: கையில் நல்ல குடை ஒன்று இருக்கும்போது. என் வீட்டார் இதற்குச் சிரிப்பார்கள். மற்றவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்பத்து நான்காம் ஆண்டு. நயினாதீவில் எங்கள் வீடு. எனக்குப் பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் ஒழுங்கை முனைக் கூட்டுறவுச் சங்கக்கடையிலும் ஒரு வேலை காலியானது. அம்மாவுக்குச் சங்கக்கடைதான் விருப்பம். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். ஐயாவுக்கு அம்மாவின் விருப்பமே விருப்பம். எனக்கோ தாதியாக ஆசை. ஆனால் கோழி அறுத்தால் பக்கத்து வளவுக்கு ஓடிப்போய் நிற்கிற வீராங்கனை நான். என்னால் ஏலுமா என்று எனக்கே தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் தவராசா மாஸ்டர் என்று ஒருவர், தனியார் வகுப்பு நடக்கும் டியூட்டரி ஒன்றின் மாடியில் அறை எடுத்து, எதிர்காலத்துக்கு வழிகாட்டுகிறார் என்று தோழி சொன்னாள். போனேன். முப்பது வயதிருக்கும். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். (அந்த வெயிலில் கழுத்துப்பட்டி கட்டுகிறவருக்கு மனவுறுதி இல்லாமல் இருக்குமா என்று நினைத்தேன்.)

"வாழ்க்கை ஒரு கடல், தங்கச்சி. அலைக்குப் பயந்தவை கரையிலைதான் நிப்பினம். உம்மடை வள்ளத்துக்கு நீர்தான் மாலுமி" என்றார்.

அசந்துபோனேன். நாலு பக்கமும் கடலோடு வாழ்கிற எங்கள் ஆட்கள் யாரும் கடலைப் பற்றி இவ்வளவு அழகாகப் பேசியதில்லை. வள்ளம் எத்தனை மணிக்கு என்பதற்கு மேல் அவர்களுக்குப் பேச்சில்லை. இந்த மனிதரை அம்மாவின் முன்னால் நிறுத்திவிட்டால் போதும் என்று தோன்றியது.

"மாஸ்டர், ஒருக்கா வீட்டை வந்து அம்மாவோடை கதைப்பியளோ?"

"அதுக்கென்ன, புதன்கிழமை வாறன்."

முன்பின் வள்ளத்தில் ஏறியிருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. எங்கள் தீவில் அப்படியொரு கேள்வியே கிடையாது. நடக்கத் தெரியுமா என்று யாரையாவது கேட்போமா?

புதன்கிழமை, மாமியிடம் இரவல் வாங்கிய குடையோடு குறிகட்டுவான் இறங்குதுறையில் காத்து நின்றேன். சோளகக் காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. பஸ்ஸால் இறங்கிய மாஸ்டர் கடலைப் பார்த்தார். வள்ளத்தைப் பார்த்தார். "இதுக்குள்ளையோ?" என்றார்.

"கால் மணித்தியாலம்தான் மாஸ்டர்."

முதல் அலையில் அவர் என் கையைப் பிடித்தார். அடுத்த அலையில் இரண்டு கைகளாலும் பிடித்தார். வள்ளம் நிறைய எங்கள் தீவின் அம்மன் கோயிலுக்குப் போகிற சனம். பாதிப்பேர் எங்கள் ஊர். குமர்ப்பிள்ளை ஒருத்தியின் கையை நடுக்கடலில் ஓர் ஆண்பிள்ளை பிடித்திருக்கும்போது அம்மனை யார் நினைப்பார்கள்? எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"தங்கச்சி, விட்டிடாதையும்." (நான் எங்கே பிடித்தேன், விடுவதற்கு?)

பிறகு அவர் முகம் வெளிறி, வாய் கோணியது. எதிர்ப் பலகையில் பட்டுச்சேலை கட்டிய ஓர் அக்கா இருந்தார். வேறு வழியில்லை. மாமியின் குடையை விரித்து, தலைகீழாக அவர் முகத்தின் கீழே பிடித்தேன். (மாமி அந்தக் குடையை மழையில்கூட நனைய விடமாட்டார்.)

"கீழை பாக்காதையுங்கோ மாஸ்டர். கோபுரத்தைப் பாருங்கோ. மூச்சை மெல்ல எடுங்கோ" என்று சொல்லி, கழுத்துப்பட்டியைக் கழற்றி, அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டேன். அருவருப்பே வரவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவும் இல்லை. மாமிக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் என் கவலை.

துறைக்கு வந்திருந்த ஐயா அவரைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். செய்தி எங்களை முந்திக்கொண்டு போயிருந்தது.

"ஆர் பிள்ளை இது? கையைப் பிடிச்சவரோ?" என்றார் அம்மா.

"எனக்குப் புத்தி சொல்ல வந்தவர் அம்மா."

பாயில் கிடந்தவரை அம்மா மேலும் கீழும் பார்த்தார். "முதல் எழும்பட்டும்."

அவருக்கென்று வைத்த நண்டுக்கறியின் மணம் குசினியிலிருந்து வந்தது. அத்தோடு எழும்புகிற எண்ணத்தையும் அவர் விட்டுவிட்டார். பின்னேர வள்ளத்துக்கும் மறுத்தார். காற்று விழட்டும் என்றார். வியாழக்கிழமையும் காற்று விழவில்லை. நான் கஞ்சி பருக்கினேன், தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தேன், கிணற்றடியில் குடையைக் கழுவினேன். அம்மா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழன் பின்னேரம் அம்மாவே வந்து கேட்டார். "மாஸ்டர், பிள்ளை நாளைக்குப் பதில் சொல்லவேணும். சங்கக்கடையோ, நேர்ஸோ?"

"நேர்ஸ்" என்றார் மாஸ்டர், படுத்தபடியே.

"என்னெண்டு சொல்லுறியள்?"

"நான் சாகேல்லை எல்லோ, அம்மா."

கடலும் அலையும் மாலுமியும் இல்லாமல் அவர் சொன்ன முதல் வசனம் அது. அம்மா அவரை மறுபடி மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"காலமை வள்ளத்திலை போய்ப் பதிலைச் சொல்லு. இவரையும் கூட்டிக்கொண்டு போ. என்ரை குடையைத் தாறன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரு குடைதான்.

முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றேன். (கோழி அறுத்தால் இன்றைக்கும் பக்கத்து வளவுதான்.) போன மாதம் கனடாவிலிருந்து மகள் தொலைபேசியில் பேசினாள். வேலையை மாற்றுவதா விடுவதா என்று குழப்பமாம். ஆலோசகர் ஒருத்தி அகப்பட்டிருக்கிறாளாம்.

"ஆளை இப்ப வைக்கலாமோ அம்மா, இன்னும் பொறுக்கட்டோ?"

நான் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து, இன்றைக்கும் வள்ளத்தைக் கண்டால் முகம் வெளிறுகிற என் கணவர் குரல் கொடுத்தார்: "ஆளுக்குக் கடல் ஒத்துவருமோ எண்டு கேள்."

"கேட்டனான் அப்பா. துண்டற ஒத்துவராதாம்."

"அப்ப பயமில்லை. வை" என்றேன் நான். "குடையை மட்டும் மறந்திடாதை."